ஸ்ட்ராஸ்பூர்க் பின்னணியில் அரசியல் த்ரில்லர்: வங்கிப் பட்டியல் கைக்கு வந்தபின் நிருபர் நிஜத்தில் என்ன செய்வார்?

கறுப்புமை:

ஒரு அரசியல் த்ரில்லர் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 2012 முதல் 2017 வரை. அஜர்பைஜான் பணம் ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடாளுமன்ற எம்.பி.க்கள் சிலரைப் போய்ச் சேர்ந்த விவகாரம்தான் முதுகெலும்பு. மனிதர்களின் பெயர்களை மாற்றிவிடுவேன், நடைமுறைகளை மாற்ற மனமில்லை. நாயகி கோபன்ஹேகன் நாளிதழ் ஒன்றின் நிருபர். ஒரு வங்கிக் கிளையின் பரிமாற்றப் பட்டியல் அவளிடம் வருகிறது. இப்போதைய வரைவில் பென் டிரைவைச் செருகுகிறாள், எம்.பி. பெயர் திரையில் மின்னுகிறது, அடுத்த அத்தியாயத்தில் கார் துரத்தல். படித்த நண்பர் "நேரே ஓடிடி-க்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டார்.

பட்டியல் வந்த நாளிலிருந்து செய்தி அச்சேறும் நாள் வரை உண்மையில் என்னென்ன வேலை நடக்கும், எங்கே சறுக்கும்? பணம் வந்ததற்கும் ஓட்டு போட்டதற்கும் உள்ள தொடர்பை எப்படி நிறுவுவது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பேரேடு:

பட்டியலில் எம்.பி. பெயர் இருக்காது. அதிகம் போனால் ஓர் அறக்கட்டளை, ஓர் ஆலோசனை நிறுவனம், ஒரு நட்புறவுச் சங்கம் இருக்கும். அதன் பின்னால் எம்.பி. இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே உங்களுக்கு நான்கு அத்தியாயம்.

உண்மைச் சம்பவத்தில் டென்மார்க்கின் பெர்லிங்ஸ்கே நாளிதழுக்குக் கிடைத்தவை 16,000-க்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள். 2012 நடுவிலிருந்து 2014 முடிய, மொத்தம் சுமார் 290 கோடி டாலர். ஒரு பத்திரிகையால் ஆகிற வேலையில்லை என்று ஓசிசிஆர்பி என்ற புலனாய்வுக் கூட்டமைப்போடு பகிர்ந்துகொண்டார்கள். 2017 செப்டம்பரில் பல நாட்டுப் பத்திரிகைகள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. கணக்குகள் இருந்தது டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளையில். வைத்திருந்தவை பிரிட்டனில் பதிவான நான்கு நிறுவனங்கள்: மெட்டாஸ்டார் இன்வெஸ்ட், ஹைலக்ஸ் சர்வீசஸ், போலக்ஸ் மேனேஜ்மென்ட், எல்சிஎம் அலையன்ஸ்.

நாயகி பார்ப்பது வெறும் வரிசைகள்தான். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பரிமாறிக்கொண்ட ஸ்விஃப்ட் எம்டி 103 செய்தியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், போதும். புலம் 20 வங்கியின் குறிப்பு எண், 32ஏ-வில் தேதியும் நாணயமும் தொகையும், 50-இல் அனுப்புபவர், 59-இல் பெறுபவர், 70-இல் "எதற்காக" என்ற குறிப்பு. இந்த 70-ஐத்தான் நிருபர்கள் ராப்பகலாகப் படிப்பார்கள். "ஒப்பந்தம் எண் இத்தனையின்படி உபகரணங்களுக்காக" என்று ஏதாவது இருக்கும். உபகரணம் விற்றதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு ஒரு கிடங்கு உண்டா, ஒரு ஊழியர் உண்டா, ஒரு வெப்சைட் உண்டா என்று தேடினால் மூன்றும் இருக்காது.

அதற்கு முன்னால் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது. சறுக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் எண்களை வைத்துக்கொள்ளாது. நீளமான கணக்கு எண்ணின் வால் பூஜ்யமாகிவிடும், இரண்டு வெவ்வேறு கணக்குகள் ஒன்றாகத் தெரியும். கோப்பை இறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வடிவமாகக் குறிக்க வேண்டும், பிறகு மாற்றினால் போனது போனதுதான். தேதியில் நாள் முன்னால் வருகிறதா மாதம் முன்னால் வருகிறதா என்று பார்க்காவிட்டால் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். ஓட்டுப் போட்ட வாரத்தோடு பொருத்தும் கதையில் அது கொலைக் குற்றம்.

அடுத்து இரட்டை எண்ணிக்கை. அஜர்பைஜான் தலைநகர் பாகுவிலிருந்து மெட்டாஸ்டாருக்கு 100 வருகிறது, அங்கிருந்து ஹைலக்ஸுக்கு 100 போகிறது, ஹைலக்ஸிலிருந்து மிலானுக்கு 100 போகிறது என்று வையுங்கள். நான்கு நிறுவனங்களின் கணக்கறிக்கையும் கையில் இருப்பதால் வரவு, பற்று, வரவு, பற்று என்று நான்கு வரிகள் வரும். அப்படியே கூட்டினால் 400. எதிராளியின் வக்கீல் முதலில் குத்துவது இந்த இடத்தில்தான். நான்குக்குள்ளேயே சுற்றிய பணத்தைத் தனியே குறித்து ஒதுக்கிய பிறகுதான் மொத்தத்தைச் சொல்ல வேண்டும்.

பெயர்களை ஒன்றுசேர்க்க ஓப்பன்ரிஃபைன் மாதிரி கருவிகள் உண்டு. ஒரே குடும்பப்பெயரை அஜர்பைஜான் எழுத்திலிருந்து பெயர்த்தால் ஒரு மாதிரி வரும், ரஷ்ய எழுத்திலிருந்து பெயர்த்தால் வேறு மாதிரி வரும். கருவி இதையெல்லாம் ஒரே கொத்தாக்கிக் காட்டும். ஆனால் "அனைத்தையும் இணை" பொத்தானை அழுத்தக் கூடாது. ஏன் என்பதற்கு இந்த விவகாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. பணத்தில் கிட்டத்தட்ட பாதி, அஜர்பைஜான் சர்வதேச வங்கியில் பாக்டெலிகாம் எம்எம்சி என்ற பெயரில் இருந்த கணக்கிலிருந்து வந்தது. அது பெயர்பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பெயரைப் போலவே வைக்கப்பட்ட ஷெல் கம்பெனி, அதாவது காகிதத்தில் மட்டும் இருக்கும் நிறுவனம். லத்தீன் எழுத்தில் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. கருவி அதை எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும், நிருபர் சம்பந்தமில்லாத நிறுவனத்தின் மேல் செய்தி போட்டு நிற்பாள். உங்கள் நாவலில் நடுப்பகுதித் திருப்பம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போலியா என்று சோதிக்க முதல் கட்டம் ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண். எஸ்தோனிய எண் 20 எழுத்து, இத்தாலிய எண் 27. முதல் நான்கு எழுத்தைக் கடைசிக்கு நகர்த்தி, ஆங்கில எழுத்துகளை 10 முதல் 35 வரையான எண்களாக்கி, 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அவசரத்தில் போலி செய்தவன் இங்கே மாட்டுவான். ஒழுங்காகப் போலி செய்பவன் மாட்ட மாட்டான். அதனால் இரண்டாம் கட்டம்: பட்டியலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏற்கெனவே பதிவான ஒரு தொகையை இதில் தேடுவது. இத்தாலியில் முன்னாள் எம்.பி. லூகா வொலோன்டே மீதான விசாரணை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி கோர்ட் ஆவணத்தில் இருக்கும் தேதியும் தொகையும் பட்டியலில் அச்சாக இருந்தால் மற்ற வரிகள் மேலும் நம்பிக்கை வரும்.

பிறகு பிரிட்டனின் நிறுவனப் பதிவகம். 2015 நடுவிலிருந்து ஆவணங்கள் இலவசம், அதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் சில்லறைக் கட்டணம். பங்காளிகள் யார் என்று திறந்தால் பெலிஸ், சீஷெல்ஸ் போன்ற வரிப் புகலிட முகவரியில் இன்னும் இரண்டு கம்பெனி வரும். அங்கே கதவு மூடியிருக்கும். நாவலில் கவனிக்க வேண்டியது இதுதான்: உண்மையான கட்டுப்பாட்டாளர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கு வந்தது 2016 ஏப்ரலில், ஸ்காட்லாந்து கூட்டாண்மைகளுக்கு 2017 ஜூனில். 2013-இல் நாயகி "உரிமையாளர்" பத்தியைச் சொடுக்குகிறாள் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்போது பார்க்கக் கூடியது ஆண்டுக் கணக்கு. டான்ஸ்கேயின் பால்டிக் வர்த்தகப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹோவர்ட் வில்கின்சன் 2013 டிசம்பரில் மேலிடத்துக்கு எச்சரிக்கை எழுதினார். தூண்டியது ஒரு சாதாரண ஒப்பீடு. லாண்டானா டிரேட் என்ற எல்எல்பி பதிவகத்தில் "செயல்படவில்லை" என்று கணக்கு கொடுத்திருந்தது, வங்கியிலோ அதன் பெயரில் பெரும் பணம் புரண்டுகொண்டிருந்தது. இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும் பொய். (அவர் வங்கிக்குள் எச்சரித்தவர். பெர்லிங்ஸ்கேவுக்குப் பட்டியல் கொடுத்தது அவர் என்று படிக்க வேண்டாம்.)

அவைக்குறிப்பு:

பேரேடு பணப் பக்கத்தை முடித்துவிட்டார், நான் அவைப் பக்கம் சொல்கிறேன். முதலில் கறுப்புமை, அது ஐரோப்பிய நாடாளுமன்றம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றமும் ஸ்ட்ராஸ்பூர்கில் கூடும், கட்டடங்களும் நடக்கிற தூரம்தான், ஆனால் இந்த விவகாரம் ஐரோப்பா கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவையில் நடந்தது. அப்போது 47 உறுப்பு நாடுகள், அஜர்பைஜான் 2001-இல் சேர்ந்தது. இந்தத் தப்பு இருந்தால் விஷயம் தெரிந்த வாசகர் மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

வேறுபாடு கதைக்கும் முக்கியம். இதன் உறுப்பினர்களை மக்கள் இதற்கென்று தேர்ந்தெடுப்பதில்லை. அவரவர் நாட்டு நாடாளுமன்றம் அனுப்பும் தூதுக்குழுவினர் இவர்கள். ஆண்டுக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம்: ஜனவரி, ஏப்ரல், ஜூன், பிறகு இலையுதிர் காலத்தில் ஒன்று. சொந்த ஊர்ப் பத்திரிகைகள் இவர்கள் இங்கே எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று எட்டியே பார்ப்பதில்லை. செல்வாக்கு வாங்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

"தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாதே, அதற்கு ஏன் பணம் கொடுப்பார்கள்?" என்று உங்கள் எடிட்டர் கேட்பார். பதில் கௌரவம். ஒரு நாட்டில் அரசியல் கைதிகள் இருக்கிறார்கள் என்று பேரவை ஏற்றுக்கொண்டால் அது ஒவ்வொரு தூதரகக் கோப்பிலும் மேற்கோளாக ஏறும். ஏற்காவிட்டால் "பார், ஐரோப்பாவே சொல்லிவிட்டது" என்று காட்டலாம். 2014 மே முதல் நவம்பர் வரை ஐரோப்பா கவுன்சிலின் அமைச்சர்கள் குழுவுக்கே அஜர்பைஜான் தலைமை வகித்தது. அந்த மாதங்களிலேயே பாகுவில் மனித உரிமைப் பணியாளர்கள் கைதானார்கள்.

மையக் காட்சி 2013 ஜனவரி 23. ஜெர்மன் உறுப்பினர் கிறிஸ்டோஃப் ஷ்ட்ரேஸர் தயாரித்த அரசியல் கைதிகள் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அவருக்கு அஜர்பைஜான் விசாவே கொடுக்கவில்லை, வெளியிலிருந்தேதான் அறிக்கையை முடித்தார். ஆதரவு 79, எதிர்ப்பு 125. தோற்றது.

இந்த 125 பேரில் யார் வாங்கினார்கள் என்று நாயகி தேடுவாள். இங்கேதான் அவள் கை சுட வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட நேர்மையான காரணங்களும் இருந்தன: கட்சிக் கூட்டணியின் முடிவு, "ஒரு நாட்டை மட்டும் ஏன் குறிவைக்க வேண்டும்" என்ற வாதம், எரிவாயு அரசியல், துருக்கியோடு நட்பு. ஒற்றை வாக்கெடுப்பு எதையும் நிறுவாது. பெயர்வாரி வாக்குப் பதிவு பேரவையின் தளத்தில் பொதுவில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு அஜர்பைஜான் சம்பந்தப்பட்ட எல்லா வாக்கெடுப்புகளையும் ஒரு அட்டவணையில் போட வேண்டும். அதே உறுப்பினர் வேறு நாடுகள் மீதான ஒத்த தீர்மானங்களில் எப்படி வாக்களித்தார் என்று பக்கத்தில் இன்னொரு பத்தி. மற்ற எல்லா நாட்டுக்கும் மனித உரிமை பேசிவிட்டு ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும் குரல் தணிகிறவரை அப்போது தனியாகப் பார்க்கலாம். வராதவர் பத்தியும் வேண்டும். அமர்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்கெடுப்பு நேரத்தில் காபி குடிக்கப் போவதும் ஒரு சேவைதான்.

அதைவிட வளமான இடம் திருத்தங்கள். "கண்டிக்கிறது" என்பதை "கவலையுடன் குறிப்பிடுகிறது" என்று மாற்றும் திருத்தத்துக்கு யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பது ஆவணத்திலேயே அச்சாகியிருக்கும். நாட்டுக் கண்காணிப்பு அறிக்கையாளர் பதவிக்கு யார் வந்தார்கள், தேர்தல் பார்வையாளர் குழுவில் யார் விடாமல் இடம் பெற்றார்கள் என்பதும் அப்படித்தான். கேமரா வராத வேலை, ஆனால் காசு வேலை செய்வது அங்கேதான்.

அன்பளிப்பு பற்றி: ஈஎஸ்ஐ என்ற ஆய்வு அமைப்பு 2012 மே அறிக்கையில் பெயர் சொல்லாத அஜர்பைஜான் தரப்பு ஆள் ஒருவர் சொன்னதைப் பதிவு செய்தது. "நண்பர்களுக்கு" ஒவ்வொரு அமர்விலும் 400 முதல் 600 கிராம் கேவியர், கிலோ விலை 1,300 யூரோவுக்கு மேல். பட்டுக் கம்பளம், தங்க வெள்ளிப் பொருள்கள் எல்லாம் தனி. சூட்கேஸ் நிறைய நோட்டு என்று எழுதுவதைவிட ஒரு சின்ன டப்பா அதிகம் பேசும்.

ஒரு கொசுறு. 2013 அக்டோபர் அதிபர் தேர்தலில், ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாளே தேர்தல் ஆணையத்தின் கைபேசிச் செயலியில் முடிவு வந்துவிட்டது. பதவியில் இருந்தவருக்கு 72.76 சதவீதம். அதற்குப் பிறகும் பேரவைக் குழுவும் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவும் சேர்ந்து சுதந்திரமான, நியாயமான, வெளிப்படையான தேர்தல் என்று அறிக்கை விட்டன. அதே தேர்தலில் கடுமையான குறைகள் இருந்தன என்றது ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பான ஓஎஸ்சிஈ-யின் நீண்டகாலப் பார்வையாளர் குழு. நாவலில் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் "மிகைப்படுத்தல்" என்று வெட்டியிருப்பார்கள்.

தெருமுனை:

எல்லாம் சரி சார், எக்ஸெல் பத்தியை வைத்து 300 பக்கம் த்ரில்லரா? ஒரு கொலையாவது வேண்டாமா? மால்டாவில் நிஜமாகவே கார் குண்டு வைத்தார்களே.

கறுப்புமை:

ஐரோப்பா கவுன்சில் திருத்தத்துக்கு நன்றி அவைக்குறிப்பு, வரைவு முழுக்க அந்தத் தப்பு இருக்கிறது. தெருமுனை கேட்டதுதான் என் குழப்பமும். மிரட்டல் எந்த வடிவில் வரும்? பட்டியலைக் கொடுத்த வங்கி ஊழியரை எப்படிக் காப்பாற்றுவாள்?

முத்திரை உறை:

மிரட்டல் பற்றி முதலில். மால்டா நிருபர் டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டார், உண்மை. ஆனால் அந்த நாளில் அவர் தலைமேல் 40-க்கும் அதிகமான அவதூறு வழக்குகள் தொங்கின என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குண்டுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் காகிதம் வந்தது.

அஜர்பைஜானுக்குள்ளேயே இருந்த நிருபர் கதீஜா இஸ்மாயிலோவா. அதிபர் குடும்பத்தின் தொழில்களை எழுதியவர். 2012-இல் படுக்கையறையில் மறைத்து வைத்த கேமரா பதிவைக் காட்டி வேலையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை, மிரட்டலையே அம்பலப்படுத்தினார், பதிவு இணையத்தில் ஏறியது. 2014 டிசம்பரில் கைது, 2015 செப்டம்பரில் ஏழரை ஆண்டுத் தண்டனை, 2016 மே மாதம் விடுதலை. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வரி ஏய்ப்பு, சட்டவிரோதத் தொழில். எழுதிய செய்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் வில்லன் அறிவாளி என்றால் துப்பாக்கி எடுக்க மாட்டான், வருமானவரி நோட்டீஸ் அனுப்புவான். 2021-இல் அவர் போனில் பெகாசஸ் உளவு மென்பொருள் இருந்ததை அம்னெஸ்டியின் ஆய்வகம் உறுதி செய்தது.

மூலத்தைக் காப்பது. பென் டிரைவை அலுவலகக் கணினியில் செருகவே கூடாது. இணையமே காணாத ஒரு லேப்டாப், வைஃபை அட்டை கழற்றியது, கணினியில் தடயம் விடாத டெய்ல்ஸ் இயங்குதளம். திறப்பதற்கு முன் கோப்பின் ஹேஷ் மதிப்பை (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுக் குறித்து வைக்க வேண்டும், பின்னாளில் "நீங்கள்தான் திருத்தினீர்கள்" என்று யாராவது சொன்னால் பதில் அதுதான். காலப்பிழை வேண்டாம்: சிக்னல் செயலி 2014-இல் ஐபோனில்தான் முதலில் வந்தது. 2013 என்றால் பிஜிபி முறையில் மறையாக்கம் செய்த மின்னஞ்சல். கோப்பு மறையாக்கத்துக்கு அன்று எல்லாரும் வைத்திருந்தது ட்ரூகிரிப்ட், 2014 மே மாதம் அதை நிறுத்திவிட்டார்கள்.

இருவரும் சந்திக்கும்போது போனை அணைப்பதாக எழுதுவீர்கள். இரண்டு போன்கள் ஒரே பகுதியில் ஒரே நேரத்தில் அணைவதே ஒரு தடயம். வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்.

பெரிய ஆபத்து தரவுக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஊழியர் எந்தக் கணக்கை எப்போது திறந்து பார்த்தார் என்பதை வங்கியின் கணினி பதிவு செய்து வைக்கும். பட்டியலின் கடைசி வரி டிசம்பர் 30 என்று செய்தியில் தெரிந்தால், அதற்குப் பிறகு நான்கு கணக்கையும் தொட்டவர்கள் யார் என்று தேடினால் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அதனால் எந்தத் தேதிவரை தரவு இருக்கிறது, எந்த வடிவில் வந்தது என்பதை மழுப்பலாகவே வைப்பார்கள். மூல ஆவணத்தின் படத்தை அச்சிடவும் மாட்டார்கள். கலர் லேசர் அச்சுப்பொறிகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் இயந்திர எண்ணையும் நேரத்தையும் பதிக்கும். ஆளுக்கு ஒரு சின்ன மாற்றத்தோடு பிரதி கொடுத்து, எந்தப் பிரதி வெளியே வருகிறது என்று பார்க்கும் பொறியும் உண்டு. அட்டவணையை மறுபடி தட்டச்சு செய்து போடுவதுதான் வழி.

டென்மார்க் சட்டம் நிருபர் தன் மூலத்தைச் சொல்ல மறுக்க இடம் தருகிறது. அது நிருபருக்கான கவசம். வங்கி ரகசியத்தை மீறிய ஊழியர் மாட்டிக்கொண்டால் அந்தக் கவசம் அவர் மேல் விழாது. இருவருக்கும் நடுவே உள்ள இந்த ஏற்றத்தாழ்வை நாயகி உணர்கிற ஒரு காட்சி வையுங்கள்.

வரிப்பிழை:

செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் டெஸ்கில் நடப்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கதையில் உச்சம் என்று படுவது பதில் கேட்டு அனுப்பும் கடிதம்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு கேள்விக் கடிதம் போகும். "உங்கள் மீது சில குற்றச்சாட்டுகள்" என்று பொதுவாக எழுத முடியாது. எந்தத் தேதி, எந்த நிறுவனத்திலிருந்து, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, எந்த வாக்கெடுப்பு என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கடிதமே நம் கையில் என்ன இருக்கிறது என்று எதிராளிக்குக் காட்டிக்கொடுக்கிறது. அவர் காகிதங்களை அழிக்கலாம், நீதிமன்றத்தில் தடை கேட்கலாம், தனக்கு வேண்டிய பத்திரிகைக்கு முந்திக்கொண்டு பேட்டி கொடுத்து "என் மேல் அவதூறு வரப்போகிறது" என்று கதையை நீர்க்கச் செய்யலாம். அதனால்தான் எல்லா நாட்டுக் கூட்டாளிகளும் ஒரே நாளில் அனுப்புவார்கள், பேச்சு வெளியே போகக் கூடியவர்களுக்குக் கடைசியாக. வெளியீடும் ஒரே நிமிடத்தில். ஒருவன் ஒரு மணி நேரம் முந்தினால் கூட்டணி உடைந்துபோகும்.

வங்கி அனுப்பும் பதில் மனப்பாடமாகத் தெரிந்தது: தனிப்பட்ட வாடிக்கையாளர் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது. அது ஒப்புதல் இல்லை. ஆனால் மறுக்கவில்லை என்று எழுதலாம்.

லண்டன் வக்கீல் கடிதம் இல்லாமல் இந்தக் கதை முடியாது. பிரிட்டன் அவதூறுச் சட்டத்தில் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் சுமை வெளியிட்டவர் மேல். 2013 சட்டம் "கடுமையான பாதிப்பு" காட்ட வேண்டும் என்று வைத்தது, பொதுநலன் காரணமாக வெளியிட்டோம் என்ற தற்காப்பையும் எழுத்தில் கொடுத்தது. ஆனால் அதை வாதாடி ஜெயிப்பதற்குள் கஜானா காலியாகும். இந்தப் பரிமாற்றச் செய்திக்காக ஓசிசிஆர்பி-யின் இணை நிறுவனர் பால் ராடுவை அஜர்பைஜான் எம்.பி. ஒருவர் லண்டனில் வழக்கில் இழுத்தார். வழக்கு நிறுவனத்தின் மேல் இல்லை, தனிமனிதராக அவர் மேல். 2020 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. நாயகி பெயரில், அவள் வீட்டு முகவரிக்கு அந்தக் கடிதம் வரட்டும். கார் துரத்தல் தேவைப்படாது.

கறுப்புமை:

அருமை. கடைசியாக ஒன்று: முதல் பக்கத்தில் அவள் "லஞ்சம்" என்று எழுதலாமா? நான் படைக்கும் எம்.பி.க்கு எவ்வளவு பணம் வந்ததாகக் காட்டினால் நம்பும்படி இருக்கும்?

வரிப்பிழை:

எழுத முடியாது, எழுதினால் டெஸ்க் வெட்டும். போகக் கூடிய வாக்கியம் இப்படி இருக்கும்: "இன்ன தேதியில் இன்ன நிறுவனத்திலிருந்து இன்னாரின் அறக்கட்டளைக்கு இத்தனை யூரோ வந்தது. ஆறு நாள் கழித்து அவர் அறிக்கையை எதிர்த்து வாக்களித்தார். பணம் ஆலோசனைப் பணிக்கானது, வாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்." நடுவில் "அதனால்" என்ற ஒரு சொல் வந்தாலும் வக்கீல் பிடித்துக்கொள்வார். அந்தச் சொல்லை வைக்கச் சொல்லி நாயகியும் வேண்டாமென்று டெஸ்கும் நள்ளிரவு வரை மல்லுக்கட்டலாம்.

வொலோன்டே விஷயத்தில் மிலான் நீதிமன்றம் 2021 ஜனவரியில் முதல் நிலையில் 4 ஆண்டுத் தண்டனை விதித்தது. அவர் குற்றச்சாட்டைக் கடைசிவரை மறுத்தார். வாக்கெடுப்பு நடந்து எட்டு ஆண்டு கழித்து. ஜெர்மனியிலோ எம்.பி.க்கு லஞ்சம் கொடுப்பதைப் பற்றிய பிரிவு 2014 செப்டம்பர் வரை வாக்கை நேரடியாக விலைபேசுவதை மட்டுமே தண்டித்தது. "ஆலோசனைக் கட்டணம்" வாங்கியவர் அன்றைக்குச் சட்டத்தின் விளிம்புக்கு உள்ளேயே நிற்கலாம். உங்கள் எம்.பி. எந்த நாட்டவர் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேரேடு:

தொகையைப் பற்றி. வொலோன்டே தரப்புக்குப் போனது 20 லட்சம் யூரோவுக்கு மேல். அவர் பேரவையின் பெரிய கட்சிக் குழு ஒன்றின் தலைவர், அதனால் விலை அதிகம். ஜெர்மன் முன்னாள் எம்.பி. எடுவார்ட் லிண்ட்னர் பக்கம் பட்டியலில் தெரிந்தது 8,19,500 யூரோ. அது தன் நட்புறவுச் சங்க வேலைக்கு வந்தது என்றார் அவர். உங்கள் ஆள் பின்வரிசை உறுப்பினர் என்றால் இவ்வளவு வேண்டாம். ஒரே தவணையில் போடாதீர்கள், எந்த வங்கியிலும் மணி அடித்துவிடும். மாதம் ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஷெல் கம்பெனி, 70-ஆம் புலத்தில் ஒரே ஒப்பந்த எண். அந்த ஒப்பந்த எண் ஒத்துப்போவதைத்தான் நாயகி கண்டுபிடிக்க வேண்டும்.

தேதி குறிக்கும்போது காலண்டரைத் திறந்து வையுங்கள். யூரோ பரிமாற்றம் சனி, ஞாயிறு, ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாள்களில் தீர்வாகாது. 2013 ஜனவரி 23 புதன்கிழமை. அதற்கு முந்தைய வாரம் பணம் வந்ததாகக் காட்ட வேண்டுமென்றால் 14 முதல் 18 வரை ஏதாவது ஒரு நாள். 19, 20 போட்டால் பட்டியலே போலி என்று எதிராளியின் வக்கீல் சொல்வார், சரியாகத்தான் சொல்வார்.